மொழிபெயர்ப்பில் முதுகலை: கடன் வாங்கிப் படிக்கலாமா?

கேள்வி (திருச்சி வாசகர்)

ஆங்கில இலக்கியத்தில் இளங்கலை முடிக்கப்போகிறேன். பிரிட்டனில் ஓராண்டு மொழிபெயர்ப்பு முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. எழுத்து மொழிபெயர்ப்பும் உண்டு, பேச்சை மாற்றிச் சொல்லும் உரைபெயர்ப்பும் உண்டு என்கிறார்கள். என் மொழிகள் தமிழும் ஆங்கிலமும். வீட்டை அடமானம் வைத்தாவது அனுப்புகிறேன் என்கிறார் அப்பா. படித்து முடித்தால் தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடுவேனா? இல்லை, ஜெனீவா, பாரிஸ் என்று முயல வேண்டுமா? துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

ஓர் உரைபெயர்ப்பாளரின் தொடர் பதில்கள்

2025 அக்டோபர் 19, இரவு

வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைப்பதற்கு முன்னால் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். "என் தமிழைக் கேட்டுத் திருத்தப்போகிறவர் யார்?" இதை மட்டும் கேளுங்கள். பதிலில் ஓர் ஆள் இருந்தால் மேற்கொண்டு யோசிக்கலாம். "எங்கள் படிப்பு எல்லா மொழியினருக்கும் பொதுவானது" என்று பதில் வந்தால், உங்கள் தொழிலில் சரிபாதியை அங்கே யாரும் கேட்கப்போவதில்லை என்று பொருள்.

நான் இருக்கும் பிரிட்டனில் இரண்டு வகைப் படிப்புகள் இருக்கின்றன. ஒன்று குறிப்பிட்ட மொழி இணைக்கானது: பிரெஞ்சு–ஆங்கிலம், ஸ்பானிஷ்–ஆங்கிலம், சீனம்–ஆங்கிலம். அந்த மொழிகளில் தொழில் செய்கிறவரே ஆசிரியராக வருவார். மற்றது மொழி சாராதது. கோட்பாடு, குறிப்பெடுக்கும் முறை, தொழில் நெறி எல்லாம் ஆங்கிலத்தில் சொல்லித்தருவார்கள். உங்கள் மொழியில் நீங்களே பயிற்சி செய்துகொள்ள வேண்டும். தமிழ் மாணவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். தாளத்தை மட்டும் கவனித்துவிட்டுச் சுருதியைக் கேட்காத பாட்டு வாத்தியாரிடம் ஓராண்டு உட்காருவது போன்றது அது. தாளமும் வேண்டியதுதான். ஆனால் அதற்கு ஒரு வீட்டின் விலை இல்லை.

நான் புதுச்சேரிக்காரன். அங்கே பிரெஞ்சு படித்துவிட்டு, அந்த மொழியை நம்பி இங்கே முதுகலைக்கு வந்தேன். பிரெஞ்சு வகுப்பில் ஆசிரியர் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு நான் சொல்வதை வரி விடாமல் கேட்பார். "பரிசீலிப்போம் என்றார் அமைச்சர். நீ செய்வோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டாய்" என்பார். நாள் முழுவதும் இப்படியே போகும். அந்தக் காதுதான் அந்தப் படிப்பின் சாரம். இன்று என் வருமானத்தில் பெரும்பகுதி தமிழிலிருந்து வருகிறது: நீதிமன்றம், மருத்துவமனை, புகலிட விசாரணை. தமிழில் எனக்கு அப்படி ஒரு காது கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. அது கிடைத்ததும் வகுப்பறைக்கு வெளியேதான்.

அக்டோபர் 20

தீபாவளி நாளில் விசா பற்றி எழுதுவது நன்றாக இல்லைதான். ஆனால் கேள்வி கேட்டவர் வைப்புத்தொகை கட்டுவதற்கு முன் இது தெரிந்தாக வேண்டும்.

பிரிட்டனில் உரைபெயர்ப்பாளர்களில் மிகப் பெரும்பாலோர் சுயதொழில் செய்கிறவர்கள். ஏஜென்சி கூப்பிடும், போவோம், பில் அனுப்புவோம். மாணவர் விசாவில் சுயதொழில் செய்யச் சட்டம் இடம் கொடுக்காது. ஆகவே படிக்கும் காலத்தில் ஒரு மருத்துவமனை வேலைக்குக்கூட இந்த முறையில் போக முடியாது. படித்து முடித்தபின் கிடைக்கும் பட்டதாரி விசாவில் சுயதொழில் செய்யலாம். அந்த விசா இப்போது இரண்டு ஆண்டு. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் பதினெட்டு மாதமாகக் குறைக்கிறார்கள். 2026 செப்டம்பரில் படிப்பைத் தொடங்குகிறவர் இந்தப் பதினெட்டு மாதக் கணக்கில்தான் வருவார். அது முடிந்தபின் தங்க வேண்டுமென்றால் ஒரு முதலாளி ஸ்பான்சர் செய்ய வேண்டும். பில் அனுப்பிப் பிழைக்கிறவருக்கு முதலாளி ஏது?

பதினெட்டு மாதத்தில் கடன் அடையுமா என்று அப்பாவோடு உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். உடன்பிறந்தவளிடம் சொல்வதாக நினைத்தே சொல்கிறேன்.

அக்டோபர் 22

ஜெனீவா, பாரிஸ் கேள்விக்கு வருகிறேன்.

ஜெனீவாவின் மொழிபெயர்ப்புப் பள்ளி 1941இல் தொடங்கியது, உலகப் போர் நடுவில். பாரிஸின் எஸிட் என்ற பள்ளி 1957இல் வந்தது. இரண்டும் மாநாட்டு உரைபெயர்ப்பின் தாய்வீடுகள். ஐ.நா.வின் பூத்களிலும் (உரைபெயர்ப்பாளர் உட்காரும் கண்ணாடி அறைகள்) ஐரோப்பிய ஒன்றியத்தின் பூத்களிலும் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் அங்கே பயின்றவர்கள். ஜெனீவாவில் கட்டணம் ஒரு பருவத்துக்கு 500 பிராங்க்தான். பிரிட்டிஷ் கட்டணத்தைப் பார்த்தவர்களுக்கு இது நம்ப முடியாத தொகை. (ஊரில் குடியிருக்க ஆகும் செலவு வேறு கதை.) ஆனால் நுழைவுத் தேர்வு கடுமையானது. இரண்டு பள்ளிகளிலும் தமிழ் கிடையாது. ஐ.நா.வின் அலுவல் மொழிகள் ஆறு, ஐரோப்பிய ஒன்றியத்தின் மொழிகள் இருபத்துநான்கு. பள்ளிகள் அந்தச் சந்தைக்குத்தான் ஆள் தயார் செய்கின்றன.

மாநாட்டு உரைபெயர்ப்பாளர்களின் சர்வதேசச் சங்கம் 1953 முதல் இயங்குகிறது. மொழிகளை அவர்கள் மூன்றாகப் பிரிப்பார்கள். ஏ என்பது தாய்மொழி, அல்லது அதற்கு நிகராக ஆளுகிற மொழி. பி என்பது தாய்மொழி அல்லாவிட்டாலும் மற்ற மொழியிலிருந்து அதற்குள் மாற்றிச் சொல்ல முடிகிற மொழி. சி என்பது கேட்டு முழுமையாகப் புரிந்துகொள்கிற மொழி. அதற்குள் மாற்றிச் சொல்ல மாட்டோம். கேள்வி கேட்டவர் இந்த மூன்றில் தன் தமிழை எங்கே வைப்பார் என்று யோசிக்கட்டும். எல்.கே.ஜி. முதல் ஆங்கில வழியில் படித்த நம் பிள்ளைகள் பலருக்கு இது வலிக்கிற கேள்வி. வீட்டில் பேசுகிற தமிழ் சுகமாக வரும். ஆனால் ஜாமீன் மனுவை, கருப்பை அறுவைச் சிகிச்சைக்கான ஒப்புதல் படிவத்தை, வாடகை ஒப்பந்தத்தைத் தடுமாறாமல் தமிழில் சொல்லச் சொன்னால் ஆங்கிலச் சொற்களுக்கு நடுவே "பண்ணி", "ஆகி" என்று ஒட்டுப்போடுவார்கள். ஆங்கிலத்திலோ ஆங்கிலேயருக்கு நிகரான சரளம் இருக்காது. இரண்டு "பி" மொழியோடு, "ஏ" மொழி இல்லாமல் நிற்பது நம் தலைமுறையின் உண்மை நிலை. இதைச் சரிசெய்யாமல் எந்த நாட்டுக்குப் போனாலும் பயனில்லை. சரிசெய்ய விமானம் ஏறவும் வேண்டாம்.

இன்னொன்று. அமெரிக்காவில் இந்தத் துறைக்குப் பெயர்போன மான்ட்ரே கல்வி நிறுவனத்தின் பட்டப்படிப்புகளை 2027க்குள் மூடிவிடப்போவதாக, அதை நடத்தும் மிடில்பெரி கல்லூரி 2025 ஆகஸ்டில் அறிவித்துவிட்டது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை. அத்தனை பெரிய பெயருக்கே இந்த நிலை என்றால், நமக்கு இடம் கொடுத்திருக்கும் பல்கலைக்கழகத்தின் அந்தப் படிப்பு எத்தனை ஆண்டு தாங்கும் என்பதையும் விசாரித்துக்கொள்வது நல்லது.

அக்டோபர் 26, ஞாயிறு

"இரண்டு மொழியும் தெரிந்தால் போதாதா, இதற்கு எதற்குப் படிப்பு?" என்று சென்னை நண்பர் மேலே கேட்டிருக்கிறார். நீதிமன்றத்தில் ஒரு காலைப்பொழுது என்னோடு நின்றால் இப்படிக் கேட்க மாட்டார்.

குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பக்கத்தில் கூண்டுக்குள் நாமும் உட்காருவோம். வழக்கறிஞரும் நீதிபதியும் பேசுவதை அவர் காதில் தாழ்ந்த குரலில் கூடவே சொல்லிக்கொண்டு போக வேண்டும். வாய் ஒரு வாக்கியத்தைச் சொல்லும்போது காது அடுத்த வாக்கியத்தில் இருக்கும். அவரே சாட்சி சொல்ல எழுந்தால் முறை மாறும்: அவர் பேசி நிறுத்தியதும் நாம் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அவர் பேச்சில் "நான்" என்றால் நாமும் "நான்" என்போம். "இவர் சொல்கிறார்" என்ற முன்னுரை கிடையாது. அவர் உளறினால் நாமும் உளற வேண்டும். அவர் கெட்ட வார்த்தை சொன்னால் அதே கனத்தில் ஒன்று நம் வாயிலிருந்தும் வர வேண்டும்.

கையில் மேல்பக்கம் சுருள்கம்பி போட்ட நோட்டு. இடது ஓரத்தில் ஒரு கோடு. ஒவ்வொரு கருத்தும் பக்கத்தில் சரிவாக, படிக்கட்டு இறங்குவதுபோல் எழுதப்படும். கருத்து முடிந்ததும் குறுக்கே ஒரு கோடு. சொற்களை எழுதக் கூடாது. யார், என்ன, எப்போது, இல்லையா உண்டா, அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு, இவை போதும். ழான்-பிரான்சுவா ரோசான் 1956இல் வகுத்துக் கொடுத்த முறை இது. இன்றும் ஐரோப்பா முழுவதும் இதை வைத்துத்தான் சொல்லித்தருகிறார்கள். தேதியும் எண்ணும் பெயரும் நினைவில் நிற்காது, அவற்றை முதலில் எழுதிவிட வேண்டும். சுருக்கெழுத்து தெரிந்தவர்கள் இதில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன்: சொல் முழுதும் நோட்டில் இருக்கும், பொருள் மண்டையில் இருக்காது.

தமிழில் கூடுதலாக ஒரு கஷ்டம் உண்டு. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும், மறுப்பும் கடைசியில்தான் வரும். "அன்றைக்கு அந்தக் கடைக்குள் போய் அந்தப் பையனைப் பார்த்துப் பேசியதாக நான் யாரிடமும் சொல்லவே…" என்று நிறுத்தி மூச்சு வாங்குவார் சாட்சி. அவர் மூச்சு வாங்கும் நேரத்தில் ஆங்கிலத்தில் ஆரம்பித்துவிட்டால் தொலைந்தோம். இதை எனக்கு எந்தத் தமிழாசிரியரும் சொல்லித்தரவில்லை. என்னோடு படித்த ஜப்பானியப் பெண்ணும், ஜெர்மன் பூத்தில் இருந்த ஒருவரும் சொல்லித்தந்தார்கள். அவர்களுக்கும் வினை கடைசியில் வரும் தொல்லை உண்டு. நீண்ட வாக்கியத்தைச் சிறு துண்டுகளாக நறுக்கி, எந்தப் பக்கமும் சாயாத ஒரு தொடக்கத்தை முதலில் வைத்து, வினைக்காகக் காத்திருக்கும் வித்தை அது. மொழி சாராத படிப்பு என்று நான் முதல் குறிப்பில் கடிந்து எழுதினேன். அங்கே கிடைக்கும் இந்த லாபத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: பக்கத்து மொழிக்காரரின் வித்தை நம் மொழிக்கு உதவும். ஆனாலும் அந்த வித்தையைத் தமிழில் சரியாகச் செய்தேனா என்று கேட்க அவர்களால் முடியாது. சுற்றி அங்கேயே வந்து நிற்கிறோம்.

இதெல்லாம் இயல்பாக வராது. ஒருவர் கேட்டுத் திருத்த, திரும்பத் திரும்பச் செய்தால் வரும். நண்பரே, அதற்குத்தான் படிப்பு.

அக்டோபர் 27

கனடாவிலிருந்து எழுதியவரின் கருத்தை நான் ஏற்கவில்லை. "பேசுகிறவர் தெளிவில்லாமல் சொன்னால் உரைபெயர்ப்பாளர் தெளிவாக்கிச் சொல்வது உதவிதானே" என்கிறார்.

ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவர் புகலிட நேர்காணலில், "நல்லூர்க் கொடி ஏறி மூன்றாம் நாள் வந்து பிடித்துக்கொண்டு போனார்கள்" என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உதவி செய்கிறேன் என்று உரைபெயர்ப்பாளர் அதை "ஆகஸ்ட் மாதம்" ஆக்குகிறார். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் கொடியேற்ற நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறும்; ஜூலையில் வருவதும் உண்டு. பழைய வாக்குமூலத்தில் பெரியவர் ஜூலை என்று சொல்லியிருந்தால், அதிகாரியின் கடிதத்தில் "முரண்பாடு" என்று ஒரு பத்தி வரும். அந்த முரண்பாடு அவருடையதே அல்ல. அறையில் உதவி செய்ய நினைத்தவர் உண்டாக்கியது. அவர் விண்ணப்பம் அதனால் விழலாம். கொடியேறி மூன்றாம் நாள் என்றால் கொடியேறி மூன்றாம் நாள்தான். அது எப்போது என்று அதிகாரி கேட்கட்டும், பெரியவர் பதில் சொல்லட்டும். விளக்கம் தேவை என்று தோன்றினால், "உரைபெயர்ப்பாளர் பேசுகிறேன்" என்று சொல்லி இரு தரப்புக்கும் தெரிய அனுமதி கேட்டுப் பேசலாம். அதற்கு வழி இருக்கிறது.

இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அக்டோபர் 30

மதுரை நண்பர் எழுதியதைப் படித்துச் சிரித்தேன். கல்யாணப் பேச்சில் இரு வீட்டாருக்கும் நடுவே போய் வந்த சித்தப்பாக்களுக்கெல்லாம் இந்தப் பட்டத்தைத் தேர்வில்லாமலே கொடுத்துவிடலாம் என்கிறார். கொடுக்கலாம். ஆனால் அந்தச் சித்தப்பா இந்தப் பக்கம் சொன்ன நகைக் கணக்கை அந்தப் பக்கம் மெருகேற்றிச் சொல்லித்தான் கல்யாணத்தை முடிக்கிறார்.

எங்கள் புதுச்சேரியில் இரு மொழி பேசி இடையில் நின்ற துபாஷிகளும் அப்படித்தான். ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761) பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேவுக்குத் தலைமைத் துபாஷியாக இருந்தார். மொழியை மாற்றிச் சொன்னவர் மட்டுமல்ல. வணிகர், ஆலோசகர், ஊர்ப் பெரியவர். அவர் நாட்குறிப்பைப் படித்தால், இரு பக்கமும் பேசத் தெரிந்தவனிடம் எவ்வளவு அதிகாரம் சேரும் என்பது தெரியும். பேச்சில் தனக்கும் பங்கு இருந்த காலம் அது. அந்தப் பங்கை விட்டுக்கொடுத்தபின் உருவானது இன்றைய தொழில். முதுகலை வகுப்பில் தொழில் நெறி என்ற பாடம் ஒரு பருவம் முழுக்க ஓடுவதற்குக் காரணம் இதுதான். பலர் அதைத் தூங்குகிற பாடம் என்பார்கள். எனக்கு அதுதான் தினமும் உதவுகிறது.

நவம்பர் 2, ஞாயிறு

இயந்திரம் நம் வேலையைப் பறித்துவிடுமா என்று நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள். சொல்கிறேன்.

1945 நவம்பர் 20 அன்று நாஜித் தலைவர்கள் மீதான நியூரம்பெர்க் விசாரணை தொடங்கியது. ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஜெர்மன் என நான்கு மொழி. ஐ.பி.எம். கருவிகளை வைத்துப் பேசப்பேசவே மாற்றிச் சொன்னார்கள். மஞ்சள் விளக்கு எரிந்தால் பேச்சாளர் வேகத்தைக் குறைக்க வேண்டும், சிவப்பு எரிந்தால் நிறுத்த வேண்டும். அந்த ஏற்பாட்டை அமைத்தவர் லியோன் டோஸ்டெர்ட் என்ற ராணுவ அதிகாரி. அதே டோஸ்டெர்ட்தான் 1954 ஜனவரியில் அதே ஐ.பி.எம்.மோடு சேர்ந்து, ரஷ்ய வாக்கியங்களைக் கணினி ஆங்கிலமாக்கும் முதல் பெரிய காட்சியை நியூயார்க்கில் நடத்தினார். அகராதியில் 250 சொல், இலக்கண விதி ஆறு. இன்னும் மூன்று முதல் ஐந்து ஆண்டில் முக்கியத் துறைகளில் இது கைகூடிவிடும் என்று அப்போது பேசினார்கள். 1966இல் அமெரிக்க அரசின் குழு ஒன்று இது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை என்று அறிக்கை கொடுத்தது, பணம் வற்றியது.

இதை வைத்து "இயந்திரம் தோற்றுவிடும்" என்று யாரும் ஆறுதல் தேட வேண்டாம். கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் சேர்ந்தது 2011இல். அன்றைய தமிழ் சிரிப்பு மூட்டியது. இன்று வருவது வேறு தரம். கையேடு, விளம்பரம், இணையதளம் போன்ற எழுத்து வேலைகளில் ஏஜென்சிகள் இயந்திரத்தின் வரைவை அனுப்பித் திருத்தித் தரச் சொல்கின்றன. கட்டணமும் அதற்கேற்பக் குறைவு. எழுத்து மொழிபெயர்ப்பை மட்டும் நம்பிக் கடன் வாங்குகிறவர் இதைக் கண்திறந்து பார்க்க வேண்டும்.

அதேசமயம், நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புகளை மாநில மொழிகளுக்குக் கொண்டுபோக 2019இல் ஒரு கருவியைக் கொண்டுவந்தது. அதன் வரைவைச் சட்டம் தெரிந்த மனிதர்கள் வரிவரியாகச் சரிபார்த்தபின்தான் வெளியிடுகிறார்கள். இரண்டு மொழியையும் சட்டத்தையும் அறிந்து, இயந்திரம் நயமாக எழுதிய தவறான வாக்கியத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்களுக்கு வேலை இருக்கும். இயந்திரத்தின் பழைய தவறு பார்த்ததும் தெரிந்தது. இன்றைய தவறு நல்ல தமிழில் ஒளிந்திருக்கிறது. இதற்கும் காது வேண்டும்.

மருத்துவமனையில் ஒரு காட்சியை அடிக்கடி பார்க்கிறேன்: பள்ளிச் சீருடையோடு வந்த மகன் டாக்டர் சொல்வதை அம்மாவிடம் சொல்கிறான். சில சொற்களை விழுங்கிவிடுகிறான், அம்மா அழக் கூடாது என்பதற்காக. இப்போது அவன் இடத்தில் செல்போன் வந்திருக்கிறது. அது எதையும் விழுங்குவதில்லை. ஆனால் அம்மாவுக்குப் புரியவில்லை என்பதை அது கவனிப்பதும் இல்லை.

நவம்பர் 9

எழுத்து மொழிபெயர்ப்பு முதுகலையைப் பற்றி மேலே கறாராகப் பேசிவிட்டேனோ என்று இந்த வாரம் யோசித்தேன். அதன் பக்கத்தையும் சொல்கிறேன்.

மொழிபெயர்ப்புச் சேவைக்கு ஐ.எஸ்.ஓ. 17100 என்று 2015இல் ஒரு தரநிர்ணயம் வந்தது. அதன்படி நிறுவனங்கள் அமர்த்தும் மொழிபெயர்ப்பாளருக்கு மூன்று வாசல்: மொழிபெயர்ப்பில் பட்டம், அல்லது வேறு பட்டமும் இரண்டாண்டு முழுநேர அனுபவமும், அல்லது ஐந்தாண்டு அனுபவம். ஆக, படிப்பு உங்களுக்கு மிச்சப்படுத்துவது அந்த இரண்டு ஆண்டை. அந்த இரண்டு ஆண்டை ஊரில் இருந்தே, சம்பாதித்துக்கொண்டே கடக்க முடியும் என்பது கேள்வி கேட்டவருக்கான என் கணக்கு.

அதே தரநிர்ணயம், ஒருவர் மொழிபெயர்த்ததை இரண்டாமவர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தியாக வேண்டும் என்கிறது. நல்ல படிப்பில் இந்தத் திருத்தும் வேலையை மாணவர்களையே மாறி மாறிச் செய்ய வைப்பார்கள். டிராடோஸ் போன்ற மொழிபெயர்ப்பு உதவி மென்பொருள், கலைச்சொல் பட்டியல் தயாரித்தல், வசன வரி போடுதல், வாடிக்கையாளருக்கு விலை சொல்லுதல், எல்லாம் கிடைக்கும். பிறகு கல்லூரியில் பாடம் நடத்த நினைப்பவருக்குப் பட்டம் கட்டாயம்.

ஆனால் திருச்சியில் இருப்பவர் முதலில் பஸ் ஏறித் தஞ்சாவூர் போய்ப் பார்க்கலாமே! தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மொழிபெயர்ப்புக்கென்றே தனித் துறை இருக்கிறது. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டு மொழியியல், மொழிபெயர்ப்பியல் மையம் இருக்கிறது. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல் வழியிலும் படிக்கலாம். மைசூரில் தேசிய மொழிபெயர்ப்புத் திட்டம் பாடநூல்களைத் தமிழுக்குக் கொண்டுவருகிறது. மக்களவையில் தமிழ் உறுப்பினர் பேசும்போது பூத்தில் ஒருவர் கூடவே சொல்கிறார். அந்த ஆளும் நம்மில் ஒருவர்தான். இங்கெல்லாம் குறைகள் இருக்கும், உரைபெயர்ப்புப் பயிற்சி குறைவாக இருக்கும். ஆனால் உங்கள் தமிழ் வாக்கியத்தைப் படித்து "இது தமிழே இல்லை" என்று சொல்ல அங்கே ஆள் இருக்கிறார்கள்.

நவம்பர் 12

பிரிட்டனில் ஏற்கெனவே குடியிருக்கும் தமிழர்கள் இழையைப் படித்துவிட்டுத் தனிச்செய்தியில் கேட்கிறார்கள். உங்களுக்கு முதுகலை தேவையில்லை. பொதுச்சேவை உரைபெயர்ப்புக்கான டிப்ளமா, டி.பி.எஸ்.ஐ., அதுதான் வாசல். சட்டம், மருத்துவம், உள்ளாட்சி என்று பிரிவு உண்டு. உரையாடலை நடித்துக்காட்டும் தேர்வு, காதோடு சொல்லும் தேர்வு, ஓர் ஆவணத்தைப் பார்த்தவுடனே வாயால் மொழிபெயர்க்கும் தேர்வு, எழுத்துத் தேர்வு. உங்கள் மொழி தெரிந்த தேர்வாளர் முன்னால் செய்ய வேண்டும், அதுதான் இதன் மதிப்பு. பொதுச்சேவை உரைபெயர்ப்பாளர்களின் தேசியப் பதிவேட்டில் முழுத் தகுதியோடு பெயர் வர 400 மணி நேர அனுபவம் காட்ட வேண்டும்.

சம்பளம் பற்றி ஏமாற்ற மாட்டேன். 2012இல் நீதி அமைச்சகம் நீதிமன்ற உரைபெயர்ப்பு முழுவதையும் ஒரே ஒப்பந்ததாரரிடம் விட்டது. கட்டணம் சரிந்தது, அனுபவசாலிகள் பலர் புறக்கணித்தார்கள், சிலர் திரும்பவே இல்லை. நான் வேலை செய்த ஓர் ஏஜென்சி, ரயிலில் பாதி வழி போனபின் வேலை ரத்து என்று செய்தி அனுப்பிவிட்டு டிக்கெட் பணத்தையும் தர மறுத்தது. ஒப்பந்தத்தில் ரத்துக் கட்டணம் எழுதியிருக்கிறதா என்று பார்த்தபின் கையெழுத்துப் போடுங்கள்.

நவம்பர் 16

மெல்பர்ன் அக்கா ஆஸ்திரேலியாவின் சி.சி.எல். தேர்வைப் பற்றி எழுதியதை, அதில் தேறினாலே உரைபெயர்ப்பாளர் ஆகிவிடலாம் என்று ஒருவர் தவறாகப் புரிந்துகொண்டு பரப்புகிறார், அதனால் இது. அங்கே மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சான்று தரும் அமைப்பான நாட்டி நடத்தும் அந்தத் தேர்வில் தமிழ் உண்டு. இரண்டு உரையாடல், மொத்தம் 90 மதிப்பெண், தேர்ச்சிக்குக் குறைந்தது 63 வேண்டும், தேறினால் குடியேற்றத்துக்கு ஐந்து புள்ளி. அது புள்ளிக்கான தேர்வு மட்டுமே. அதை வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் நிற்க முடியாது. தொழில் செய்ய நாட்டியின் சான்றிதழ் தேர்வு தனியாக இருக்கிறது. அதை எழுத முன்தகுதியும் கேட்பார்கள்.

லண்டன் வந்து படிக்கலாமா என்று யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய தம்பிக்கு: உங்களிடம் சிங்களமும் இருக்கிறது என்றால் நீங்கள் எங்களைவிட முன்னால் நிற்கிறீர்கள். இலங்கையில் தமிழ் 1987இல் அரசியலமைப்பில் ஆட்சிமொழியாக எழுதப்பட்டது. இன்றும் அலுவலகக் கவுன்டரில் தமிழில் பதில் கிடைக்காமல் திரும்புகிறவர்கள் எத்தனை பேர் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. யாழ்ப்பாணம், களனி, சப்ரகமுவ பல்கலைக்கழகங்களில் மொழிபெயர்ப்புப் பட்டப்படிப்பே இருக்கிறது. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் நியமனம் பெற்றால் ஊரிலேயே பிழைக்கலாம். லண்டன் கனவைத் தள்ளிவையுங்கள்.

நவம்பர் 23

கேள்வி கேட்ட தோழி பதில் போட்டிருக்கிறார். பல்கலைக்கழகத்திடம் கேட்டாராம், தமிழுக்கு ஆள் இல்லை, வேண்டுமானால் வெளியிலிருந்து ஒருவரைச் சில மணி நேரம் ஏற்பாடு செய்ய முயல்வோம் என்றார்களாம். ஓராண்டு தள்ளிவைத்துத் தஞ்சாவூரில் சேர அப்பா சம்மதித்துவிட்டார் என்கிறார். அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அந்த ஓராண்டில் உரைபெயர்ப்புப் பயிற்சிக்கு என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறார். ஐரோப்பிய ஆணையத்தின் பேச்சுத் தொகுப்பு இணையத்தில் இருக்கிறது. தொடக்கநிலை முதல் தேர்வுநிலை வரை தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆங்கிலப் பேச்சை அதிலிருந்து எடுங்கள். தமிழுக்கு நம் நாடாளுமன்றத்தின் சன்சத் டி.வி.யில் நம் உறுப்பினர்களின் பேச்சும், சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் தமிழில் பேசுகிறவர்களின் பேச்சும் கிடைக்கும். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி, அங்கே உரைபெயர்ப்பு முறையாக நடக்கிறது. முதலில் மூன்று நிமிடப் பேச்சு, குறிப்பே எடுக்காமல் திரும்பச் சொல்ல வேண்டும். நோட்டைக் கையில் எடுப்பது அதற்குப் பிறகுதான். நோட்டோடு ஆறு நிமிடம் தடையில்லாமல் வந்தபின் ஹெட்ஃபோன் போட்டுக் கூடவே சொல்லிப் பாருங்கள். செல்போனில் பதிவு செய்து, மறுநாள் காலை மூலத்தோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். அன்றே கேட்டால் நினைவு உங்கள் தவறுகளை மூடிவிடும்.

பதிவை இன்னொருவரிடமும் கொடுக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை இரவு எங்கள் சிறு குழு ஜூமில் கூடுகிறது, இந்திய நேரம் பத்தரை மணிக்கு. ஒருவர் பேசுவார், ஒருவர் மாற்றிச் சொல்வார், மற்றவர்கள் திருத்துவார்கள். கட்டணம் இல்லை; கேமராவை அணைத்துவைக்க அனுமதி இல்லை. திருச்சித் தோழிக்கு இடம் வைத்திருக்கிறோம். யாழ்ப்பாணத் தம்பி வந்தால் இன்னும் நல்லது, புதுச்சேரித் தமிழை மட்டுமே கேட்டு வளர்ந்த காதுகள் இங்கே அதிகம். மட்டக்களப்பிலிருந்தோ மலையகத்திலிருந்தோ இதைப் படிக்கிறவர் யாராவது இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். அடுத்த மாதம் தொழிலாளர் தீர்ப்பாய உரையாடல் ஒன்றை எடுக்கிறோம், அதற்குப் பேச ஆள் வேண்டும்.